மிதுனனின் கோப்பு

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு சுபாங்கி வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாசலில், இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், மிதுனனின் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். பிடோக்கின் அந்தப் பழைய அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாவது மாடித் தாழ்வாரம் அந்த நேரத்தில் ஓய்ந்திருப்பதே இல்லை; பக்கத்து வீட்டு வாணலியில் பிளாச்சான் இறால் விழுது வதங்கும் நெடி, லிஃப்ட் கதவு திறந்து மூடும் மணி, கீழே கூடைப்பந்து தரையில் மோதி மோதி எழும்பும் ஓசை. அத்தனையையும் தாண்டி மிதுனனின் சிரிப்பு அவள் காதில் வந்து விழுந்தது. மூச்சு முட்டி, தொண்டை கிரீச்சிட்டு, கிச்சுகிச்சு மூட்டினால் சின்னப் பிள்ளைகள் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவனை ஒருமுறைகூட அவளால் அப்படிச் சிரிக்கவைக்க முடிந்ததில்லை.

கதவைத் திறந்தாள். சோபாவில் அவள் வழக்கமாக உட்காரும் மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெளிர்நீலச் சுடிதார், தோளில் ஈரமாகப் படிந்த கூந்தல். மிதுனன் தரையில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"சுபா, வா வா," என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. "இது வைஷாலி. எங்க அக்கா. என்கூடப் பொறந்தவ. ட்வின்ஸ்லா நாங்க. பதினோரு நிமிஷம் மூத்தவ."

மிதுனன் தத்துப்பிள்ளை. வளர்த்த அப்பா ஜேசுதாசன் அவனுடைய பத்தொன்பதாவது வயதில்தான் அதைச் சொன்னார்; அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமலே மனைவியைத் தொடர்ந்து அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்கு இந்த வீட்டை மட்டும் விட்டுப்போனார். பெற்றவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள மிதுனன் இரண்டுமுறை விண்ணப்பித்தான். தத்துக் கோப்புகள் முத்திரையிடப்பட்டவை, நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று பதில் வந்தது. நீதிமன்றத்துக்கும் போனான். சம்பந்தப்பட்டவர்களின் நலன் கருதி மறுக்கப்படுகிறது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சுபாங்கிக்குத் தெரியும். கிளமெண்டி பக்கம் இருக்கும் ஓர் அரசாங்க ஆவணக் கிடங்கில்தான் அவளுக்கு வேலை. மூடிய கோப்புகளின் பெட்டிகளை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, படிக்காமல் திரும்ப வைக்க வேண்டும். வருடாவருடம் அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் கீழ் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மிதுனன் அவளிடம் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறான். "நீ பாத்துச் சொல்லக் கூடாதா சுபா?" வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போவேன் என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு கேட்கவே இல்லை. அன்றிலிருந்து அவர்கள் படுக்கையில் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விழுந்துபோயிருந்தது.

அவள் தர மறுத்ததைத்தான் இந்தப் பெண் கொண்டுவந்து தந்திருக்கிறாள்.

"எங்க பாத்தீங்க இவன?" என்று கேட்டாள் சுபாங்கி.

"கேலாங் சிவன் கோயில்ல," என்றாள் வைஷாலி. குரல் மெல்லியதாக இருந்தது, பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல. "காதுக்குப் பின்னாடி ரெண்டு மச்சம். குட்டிய எனக்குத் தெரியாதா?"

குட்டி. மிதுனன் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். முப்பத்தொன்பது வயது ஆண், கணினி நிறுவனத்தில் ஆறு பேரை வேலை வாங்குகிறவன்.

அதற்குப் பிறகு வைஷாலி வராத நாளே இல்லை. மிதுனனுக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. சுபாங்கி திரும்பும்போது அவள் ஏற்கெனவே உள்ளே இருப்பாள். அவள் வருவதைச் சுபாங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. சுபாங்கி சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் போய்விட்டிருப்பாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காது. எதைக் கொடுத்தாலும் சாப்பிட மாட்டாள். அவள் இருந்துவிட்டுப் போனால் வீட்டில் ஒரு வாடை நிற்கும், ஈரத் துணியை வாளியிலேயே இரண்டு நாள் மறந்துவிட்டால் வருகிற வாடை. யாரும் குளிக்காத நேரத்திலும் குளியலறைத் தரை ஈரமாகக் கிடந்தது. சுபாங்கி துடைத்தாள். மறுபடி ஈரம். பைப் கசிகிறது என்றான் மிதுனன். ஆனால் ஆளைக் கூப்பிடவில்லை.

சுபாங்கிக்கு இதெல்லாம் கண்ணில் பட்டது, மனதில் தங்கவில்லை. மனதை வேறொன்று பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கும் அந்த ஒரு நொடி. வைஷாலியின் விரல்கள் அவன் தலைமுடிக்குள் போய் வரும் விதம். நான் தொட்டால் 'வேலை இருக்கு சுபா' என்று நகர்ந்துகொள்கிறவன். அக்காவாம். ஒரு பேப்பர் உண்டா, ஒரு போட்டோ உண்டா? எவளோ ஒருத்தி மச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றால் அக்காவா? மச்சம் தெரிய எவ்வளவு கிட்டத்தில் நின்றிருக்க வேண்டும்?

ஒரு சனிக்கிழமை மூவரும் தேக்கா சந்தைக்குப் போனார்கள். பஃபலோ ரோட்டில் தீபாவளிக் கூட்டம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகர வேண்டியிருந்தது. வாழையிலைக் கட்டு, கொத்தமல்லி, மீன் சந்தையிலிருந்து வழிந்து வரும் கவிச்சி. பூக்கடையில் மிதுனன் இரண்டு முழம் மல்லிகை கேட்டான். பூக்காரர் அறுத்துக் கொடுத்த முதல் துண்டை அவன் யோசிக்காமலே வைஷாலியின் கையில் வைத்தான். இரண்டாவது சுபாங்கிக்கு.

அந்தச் சரத்தை அங்கேயே சாக்கடையில் எறிந்துவிடத் தோன்றியது. எறியவில்லை. "வச்சுவிடட்டுமா?" என்று வைஷாலி அவளிடம் கை நீட்டினாள். அப்போதுதான் அந்த விரல்களைப் பக்கத்தில் பார்த்தாள். நுனி ஐந்தும் வெளுத்து, சுருங்கி, வெகுநேரம் தண்ணீரிலேயே ஊறியது போல் மடிப்பு மடிப்பாக இருந்தன. கழுத்தில் பட்டபோது சில்லென்று இருந்தது.

"நீங்க அவன நல்லாப் பாத்துக்கிட்டீங்க," என்றாள் வைஷாலி, காதோரமாக. "இனிமே நான் பாத்துக்குவேன்."

அன்றிரவு முழுக்க சுபாங்கி அந்த வாக்கியத்தை மென்றுகொண்டே கிடந்தாள். விடிந்தபோது முடிவு செய்திருந்தாள். கோப்பைத் திறப்பது. அதில் சகோதரி என்று யாரும் இருக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டால் போதும். பிறகு எப்படியாவது அவளை வெளியே தள்ளிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் கேண்டீனுக்குப் போன பிறகு, அவள் கிடங்குக்குள் போனாள். நகரும் அலமாரிகள் கொண்ட நீண்ட அறை அது. சக்கரத்தைச் சுற்றினால் அலமாரி விலகி இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து திறக்கும். காகிதம் பூசணம் பிடிக்கக்கூடாது என்று காற்றில் ஈரமே இல்லாமல் உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் இருபத்து நான்கு மணிநேரமும் ஓடும். உள்ளே கொஞ்ச நேரம் நின்றால் உதடு வெடிக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. தத்தெடுத்தவர் பெயர் ஜேசுதாசன். பெட்டியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சிவப்பு நாடாவை அவிழ்த்தாள். பயத்தைவிட ஆவல்தான் அவளை அவசரப்படுத்தியது.

முதல் தாளிலேயே இருந்தது. இரண்டு குழந்தைகள். இரட்டையர். பெண், வைஷாலி. ஆண், பெயர் வேறு. ஜேசுதாசன் வீட்டில்தான் மிதுனன் ஆகியிருக்கிறான். பெண் பதினோரு நிமிடம் மூத்தவள்.

உண்மையாகவே அக்காதான். சுபாங்கிக்கு முகம் எரிந்தது. தோற்றுப்போனவள்போல அலமாரியில் சாய்ந்தாள். மூடி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இருவரையும் எடுத்தவர்கள் ஏன் ஒருவனை மட்டும் வளர்த்தார்கள்?

அடுத்த தாள்கள் சமூகநல அதிகாரி ஒருவரின் வீட்டு விஜயக் குறிப்புகள். குழந்தைகளுக்கு மூன்று வயது. பிடோக் வீட்டில் சோதனைக் காலமாக இருவரும் தங்கியிருக்கிறார்கள். முகவரி அவள் தினமும் சாவி போட்டுத் திறக்கும் அதே கதவு. ஆண் குழந்தை சமர்த்து. பெண் குழந்தை அவனை விட்டு நகர்வதில்லை. வளர்ப்புத் தாய் அவனைத் தூக்கினால் பெண் குழந்தை கடிக்கிறாள். அவனை வேறு யார் தொட்டாலும் பொறுத்துக்கொள்வதில்லை. இடுப்பில் அவளே தூக்கி வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

ஐந்தாவது மாதம். பெண் குழந்தை மரணம். குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பீப்பாய்க்குள் தலைகுப்புற. ஆண் குழந்தை பக்கத்தில் நின்றிருந்தான். விபத்து.

சுபாங்கி அந்த வரியை மறுபடி படித்தாள். மறுபடி.

ஆறாவது மாதம். ஆண் குழந்தை குளியலறைக் கதவைப் பார்த்துப் பேசுகிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான், சிரிக்கிறான். ஏழாவது மாதம். வளர்ப்புத் தாயின் இடது முன்கையில் சிறு பற்களின் தடம். பழையதா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறெதுவும் சொல்ல மறுத்துவிட்டார். கடைசித் தாளில், தட்டச்சுக்குக் கீழே பேனாவால்: இந்தக் கோப்பை இவன் எந்த வயதிலும் பார்க்கக்கூடாது. அவள் பெயரை யாரும் இவனிடம் சொல்லக்கூடாது. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்கிறார் தாய். நானும் அப்படியே நினைக்கிறேன்.

அந்தத் தாளின் ஓரம் விரலில் ஒட்டியது. பார்த்தாள். நொறுங்கும் அளவுக்கு எல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த அறையில், முப்பத்தைந்து வருடம் மூடிக் கிடந்த அந்தத் தாள் நனைந்திருந்தது.

நாலரை மணிக்கு நாகூர் கனி அவளைக் கூப்பிட்டார். அந்தப் பிரிவின் மூத்த அதிகாரி. ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அவர் மேசையில் அந்தப் பெட்டி இருந்தது.

"நாடா முடிச்சு என்னோட முடிச்சு இல்லமா," என்றார். குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஃபைல்தானே?"

அவள் தலையாட்டினாள்.

"நாளைக்குக் காலையில நான் மேல எழுதியாகணும். எழுதாம இருக்க என்னால முடியாது. இன்னிக்கு வீட்டுக்குப் போ." எழுந்து போகிறவளை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. மூடி வைக்கிறது எல்லாமே மறைக்கிறதுக்கு இல்ல. சிலது உள்ளயே இருக்கட்டும்னு மூடுறதுதான். அவருகிட்ட சொல்லிடாதே."

அவள் ரயிலில் ஏறியபோது வேலை முடிந்த கூட்டம் நெருக்கியது. எப்படியும் வேலை போய்விட்டது. இனி யாருக்காக மறைப்பது? பயம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்ததை அவளால் மறுக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்கிற ஒரு சின்னக் குதூகலம். உன் அக்கா செத்துப்போனவள். நான் உயிரோடு இருக்கிறவள். என்னிடம் வா.

காலாங் வந்தபோது ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே ஏறியது. வானம் மழைக்குக் கறுத்திருந்தது. அவள் கதவோரம் திரும்பி நின்றுகொண்டு அவனை அழைத்தாள்.

"மிதுன், அவ இருக்காளா அங்க?"

"குளிச்சிட்டு இருக்கா."

"நல்லாக் கேளு. நான் உன் ஃபைல படிச்சிட்டேன். அவ உன் அக்காதான். ஆனா மூணு வயசுலயே செத்துப்போயிட்டா. நம்ம வீட்டு பாத்ரூம்ல. வெளிய வா மிதுன். கீழ வந்து நில்லு, நான் வந்துடுறேன்."

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

"தெரியும் சுபா," என்றான் அவன். மிக மென்மையாக. "மொத நாளே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா..."

"உன்கிட்ட சொல்ல வேணாம்னா. நீ பொறாமப்படுவேன்னா."

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் விலகும் ஓசை. "அவ பேரப் பாதி சொல்லிட்டு நிறுத்திட்டாளாம் அம்மா, அதான் வர இவ்ளோ நாளாச்சாம்," என்று அவன் ஏதோ கதை சொல்வதுபோல் சொன்னான். "ஃபைல்ல பேரோட எழுதி இருக்காமே. நீ படிச்சா முழுசா வந்துடலாம்னு சொன்னா. படிச்சிட்டியா சுபா? முழுசா?"

"மிதுன்!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பிடோக்கில் இறங்கி ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்று, யாரும் ஏறாமல், மறுபடி நகர்ந்தது. தாழ்வாரம் காலியாக இருந்தது. சமையல் நெடி இல்லை. பந்து ஓசை இல்லை. எல்லா வீட்டுக் கதவுகளும் மூடியிருந்தன.

அவள் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது.

உள்ளே விளக்கு இல்லை. ஈர வாடை. முன்பு இருந்ததைவிட அடர்த்தியாக, வாய்க்குள் வந்து உட்காரும் அளவுக்கு. தரையில் தண்ணீர், கணுக்கால்வரை. வெளியே ஒரு சொட்டுகூட வழியாமல் வாசற்படியில் நின்றிருந்தது.

"மிதுன்."

யாரோ தட்டிக்கொடுக்கும் ஓசை. மெதுவாக. ஒரே சீராக. தூங்கவைக்க முதுகில் தட்டுவார்களே, அது.

சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். எதிர் புளோக்கின் மஞ்சள் வெளிச்சம் மழைக் கண்ணாடி வழியாக வழிந்தது. முதலில் மிதுனனின் முதுகு தெரிந்தது. வேலைக்குப் போடும் கோடுபோட்ட சட்டை, நனைந்து ஒட்டிப்போயிருந்தது. கால்கள் மடங்கியிருந்தன. பாதங்கள் தண்ணீரைத் தொடவில்லை. ஒரு சாண் மேலே தொங்கின. அவன் யாருடைய இடுப்பிலோ உட்கார்ந்திருந்தான்.

அவனைத் தூக்கி வைத்திருந்தவள் அவனில் பாதி உயரம்கூட இல்லை.

மூன்று வயது. வெளிர்நீலக் கவுன். வெளுத்து மடிப்பு விழுந்த சின்னக் கை ஒன்று அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்துக்கு அவள் ஒரு பக்கம் சாயவில்லை. அசையவில்லை.

சுபாங்கி ஓடியிருக்க வேண்டும். அவள் பார்த்தது மிதுனனின் முகத்தை. அந்தச் சின்னத் தோளில் கன்னத்தைப் பதித்து, கண் பாதி மூடி, கட்டைவிரலை வாயில் வைத்திருந்தான். அவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. அந்த நிலையிலும் அவளுக்கு வந்தது பொறாமைதான்.

"அவன என்கிட்ட குடு," என்றாள்.

மிதுனன் கண்ணைத் திறந்தான். அவளை மேலிருந்து கீழே பார்த்தான். விரலை வாயிலிருந்து எடுத்தான்.

"அக்கா, யாரு இது?"

குரல் அவனுடையதாக இல்லை. மழலை.

அந்தக் குழந்தை சுபாங்கியைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. தட்டுவதை நிறுத்தவில்லை.

"யாருமில்ல குட்டி," என்றது.

அவன் சரியென்று தலையசைத்துவிட்டு மறுபடி அவள் தோளில் முகம் புதைத்தான். அவன் திறந்த வாயிலிருந்து தண்ணீர், நிற்காமல், அந்தச் சின்ன முதுகு வழியாக வழிந்துகொண்டே இருந்தது.